மழை ஜக்கெட்: 10,000 போதுமா, 20,000 வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். ஜூலையில் நானும் நண்பனும் காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலிலும் பஸ்ஸிலுமாக மணாலி, லே வரை போய், பிறகு நேபாளம் போகத் திட்டம். மூன்று மாதப் பயணம். புறக்கோட்டையில் ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடையொன்றில், தண்ணீர் தாங்கும் அளவு 10,000 மி.மீ. என்று போட்ட மழை ஜக்கெட் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியில் 20,000 போட்டது, விலை மூன்று மடங்கு. எதை எடுக்கலாம்?

பதில்: கடையில் முதலில் காட்டுவது அந்த எண்ணைத்தான், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். துணியின் ஒரு பக்கம் தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் மூன்று இடத்தில் துளி தெரிந்ததும் நிறுத்தி, அந்த அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம் என்று எழுதுவார்கள். 10,000 என்றால் பத்து மீட்டர். பஸ்ஸிலும் ரயிலிலும் போய், இடையில் நடக்கிற உங்களுக்கு அது போதும். பாரமான முதுகுப் பையின் பட்டி தோளை அழுத்தும் இடத்தில்தான் கூடிய எண்ணுக்கு வேலை.

ஆனால் சோதிப்பது புதுத் துணித் துண்டை. அதில் தையலும் இல்லை, சிப்பும் இல்லை. நனைந்து வருகிறவர்களில் அநேகம் பேருக்குத் தண்ணீர் வந்த வழி ஊசித் துளையும் சிப்பும் கழுத்தும்தான். ஆகவே கடையில் ஜக்கெட்டை உட்புறமாகத் திருப்புங்கள். எல்லாத் தையலின் மீதும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். தோளிலும் தலைமூடியிலும் மட்டும் ஒட்டிவிட்டு மற்றதைச் சும்மா விடுகிற ரகமும் உண்டு. அது தூறலுக்குச் சரி, ஆகஸ்ட் மாத மணாலிக்குச் சரிவராது. சிப்புக்குப் பின்னால் ஒரு மடிப்புத் துணி இருக்கிறதா, தலைமூடிக்கு முன்விளிம்பு இருக்கிறதா, மணிக்கட்டை இறுக்கலாமா என்றும் பாருங்கள். பொக்கெட் இடுப்பில் இருந்தால் பைப்பட்டி அதை மூடிவிடும், கொஞ்சம் மேலே இருப்பது நல்லது. போட்டுப் பார்க்கும்போது உள்ளே ஒரு தடித்த ஸ்வெட்டரோடு போட்டுப் பாருங்கள். கொழும்பு வெக்கையில் கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

இரண்டாவது எண் ஒன்றும் இருக்கும்: வியர்வை ஆவி எவ்வளவு வெளியேறும் என்பது. அதை வைத்து இரண்டு நிறுவனங்களின் ஜக்கெட்டை ஒப்பிட முடியாது, ஏனென்றால் அளக்கும் முறைகள் பல. ஆவி வெளியே போவதற்கு உள்ளே ஈரமும் சூடும் கூட, வெளியே குறைய இருக்க வேண்டும். கொழும்பிலோ வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. மழையைத் தடுத்து ஆவியை வெளியே விடும் கோர்-டெக்ஸ் துணியில் எவ்வளவு விலையானதைப் போட்டாலும் காலி முகத்திடலில் கால் மணி நேரம் நடந்தால் உள்ளே வியர்வையில் நனைவீர்கள். அதே ஜக்கெட் லேயின் குளிர்ந்த உலர்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும். ஆனால் லே மழை மறைவுப் பிரதேசம். ஆண்டுக்கு 100 மி.மீ. அளவில்தான் மழை, அதாவது கொழும்பில் ஒரு மாதத்தில் பெய்வதைவிடவும் குறைவாக இருக்கலாம். அங்கே உங்களுக்கு அது காற்றைத் தடுக்கும் சட்டை, அவ்வளவுதான். மழை உங்களைப் பிடிக்கப்போவது வட இந்தியச் சமவெளியிலும் மணாலிப் பக்கமும், செப்டெம்பருக்குள் போனால் நேபாளத்திலும். அங்கெல்லாம் கைகொடுப்பது அக்குளில் திறக்கும் சிப். அது இல்லாத 20,000-ஐவிட அது உள்ள 10,000 எனக்குப் பிடிக்கும்.

நகரத்துக்குள் நடக்கும்போது குடையை விரியுங்கள். மலையேறுகிறவர்கள் எழுதுவதைப் படித்து நாம் குடையை மறந்துவிடுகிறோம்.

புறக்கோட்டை ஜக்கெட்டில் எனக்கு ஒரு பயம் உண்டு. விலை குறைந்தவற்றின் உட்பூச்சு பெரும்பாலும் பொலியூரித்தேன். சூட்டிலும் ஈரத்திலும் அது காலப்போக்கில் சிதையும்: முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெள்ளைச் செதிலாக உதிரும். நம் ஊர்க் களஞ்சியத்தில் சில வருடம் மடிந்து கிடந்திருந்தால், ஒருவரும் போடாமலேயே அதன் ஆயுள் பாதி போயிருக்கும். உள்ளங்கையால் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், டேப்பின் ஓரத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஒட்டினால், புளித்த வாடை வந்தால் விலை எவ்வளவானாலும் வேண்டாம். லேபல் வெட்டியிருந்தால் ஏன் ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். நிறத்தில் பிழை என்றால் லாபம் உங்களுக்கு, டேப்பில் பிழை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இதிலெல்லாம் தேறினால் புறக்கோட்டையே எடுங்கள், மிச்சக் காசில் நல்ல கம்பளி உள்ளாடை வாங்கலாம். தேறாவிட்டால், கொள்ளுப்பிட்டி ஜக்கெட் மூன்று அடுக்குத் துணியாக (மேல்துணி, நடுவில் தண்ணீர் புகாத படலம், உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டியது) இருக்கும்பட்சத்தில் அந்த விலை வீண் இல்லை. பை உரசினாலும் அது தாங்கும். எதை எடுத்தாலும், எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சாம்பல் நிறப் பருத்தி டீசேர்ட்டின் மேல் ஜக்கெட்டைப் போட்டு ஷவரின் கீழ் பத்து நிமிடம் நில்லுங்கள். எங்கே ஒழுகினாலும் டீசேர்ட்டில் கறுப்பாகத் தெரியும்.

கேள்வி: போன வருடம் வாங்கிய ஜக்கெட்டில் முன்பு தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. இப்போது துணி ஊறிப்போகிறது. கடைக்காரர் பொறுப்பில்லை என்கிறார். முறைப்பாடு செய்யலாமா?

பதில்: முதலில் அது உண்மையிலேயே ஒழுகுகிறதா என்று பாருங்கள். தண்ணீரை முத்தாக உருட்டிவிடும் வெளிப்பூச்சு அழுக்கிலும் வியர்வையிலும் வேலையை நிறுத்தினால் மேல்துணி ஊறும், சில்லென்று உடம்பில் ஒட்டும், ஒழுகுவது போலவே இருக்கும். மென்மையாக்கி கலக்காத திரவச் சோப்பில் கழுவி நன்றாக அலசுங்கள். காய்ந்தபின், லேபலில் அனுமதி இருந்தால், மேலே துணி விரித்து மிகக் குறைந்த சூட்டில் அயன் பண்ணுங்கள். பல ஜக்கெட்டுகளுக்கு அதுவே போதும். போதாவிட்டால் தெளிக்கிற பூச்சு வாங்கலாம்.

உட்பூச்சு உரிந்திருந்தால் கதை வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள். உங்களுக்கு அது கடந்துவிட்டது. உற்பத்தியாளரின் உத்தரவாதம் இன்னும் செல்லுமா என்று பாருங்கள், பில் இருந்தால் அவர்களுக்கே நேராக எழுதுங்கள். சபையின் தொலைபேசி 1977.