தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கலாமா?

கணவர் ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறார், வயிற்றில் பூச்சி என்று மாமியார் சொல்கிறார், மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சி இருந்தால் பூச்சி போகும், பல் கடிப்பது போகாது. எனக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்.

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்ப்பவள். "நீ யார் வைத்தியம் சொல்ல" என்று கிளம்புகிறவர்கள், நான் வைத்தியம் சொல்லவில்லை, பட்டதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அது காது வலியாகத்தான் வந்தது. காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கும். காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். கண்ணாடி பவரை மாற்றியும் தீரவில்லை. ஒரு பல் கிளினிக்கில் எக்ஸ்ரேகூட எடுக்காமல் ரூட் கேனாலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். நல்லவேளை, அதற்குள் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். தாடையோரம் விரலை வைத்து "இறுக்கிக் கடிங்க" என்றார். சதை கல் மாதிரி எழும்பியது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைக்கோடு, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், மழுங்கிப்போன கடைவாய்ப்பல் எல்லாவற்றையும் கண்ணாடி பிடித்துக் காட்டினார்.

அளவெடுத்து நைட் கார்டு, அதாவது ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை, செய்து கொடுத்தார். அது பல் தேயாமல் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது என்று அவரே சொல்லிவிட்டார். அப்புறம் சொன்னதுதான் எனக்கு உதவியது. சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக்கூடாதாம், நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டுமாம். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும்.

கவனித்துப் பார்த்தால், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலே என் தாடை பூட்டிக்கொள்கிறது. அதிலும் மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். ஜிஎஸ்டி கடைசி நாள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 19ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்குத்தான் எங்கள் கிளையண்டுகள் பில்லைக் கசங்கலாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளுவார்கள், பாதி நம்பர் தெரியாது. அபராதம் விழுந்தால் மட்டும் "நீங்க ஏன் முன்னாடியே கேக்கலை?" நாங்கள் கேட்டு அனுப்பிய மெசேஜெல்லாம் நீலக் கோட்டோடு அங்கேயே கிடக்கும். சரி, அதை விடுங்கள்.

மானிட்டர் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். கண்ணில் படும்போதெல்லாம் உதட்டை மூடி, பல்லைப் பிரித்து, நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைப்பேன். சாயங்காலத்துக்குமேல் காபி இல்லை, படுக்குமுன் தாடைக்கு வெந்நீர் ஒத்தடம். இப்போதும் சில நாள் கடிக்கிறேன், ஆனால் காலைத் தலைவலி அநேகமாக இல்லை. பல்லை ராவிச் 'சமன்' செய்கிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். ராவிய பல் திரும்ப வளராது.

உங்கள் கணவர் குறட்டையும் விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா? அப்படியென்றால் முதலில் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஃப்ளூவோக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் சிலருக்கு அதனாலும் வரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பல் கடிப்பதைச் சொல்லுங்கள், அளவை மாற்றலாமா என்று அவர் பார்ப்பார்.