வளரும் நாடுகளில் காற்றாலை மின்சாரத்துக்கு எதிர்காலம் இருக்கிறதா?

கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டில் எவ்வளவு காற்று வீசுகிறது என்பதைவிட, அங்கே மின்பாதை வந்துவிட்டதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதற்குக் காரணம் கென்யா.

1993-இல் நகோங் மலையில் இரண்டே காற்றாலைகளோடு தொடங்கிய நாடு அது. இன்று 430 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் 310 மெகாவாட் துர்கானா ஏரிப் பக்கத்திலிருந்து வருகிறது. எத்தியோப்பிய மலைகளுக்கும் கென்ய மலைகளுக்கும் இடையே உள்ள தாழ்வான நிலத்தில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அப்படிப் பார்த்தால் இது பெரிய வரம்தான். அங்கே 365 காற்றாலைகளை நிறுத்தினார்கள், ஒவ்வொன்றும் 850 கிலோவாட். அவற்றை ஏற்றிவரவே 200 கிலோமீட்டருக்கும் மேல் சாலையைச் சீரமைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2017-இல் காற்றாலைகள் எல்லாம் தயார். மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டிய, 400 கிலோமீட்டருக்கும் நீளமான மின்பாதை மட்டும் முடியவில்லை. அதைக் கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்த நிறுவனம் பாதியில் திவாலாகிவிட்டது. 2018 செப்டம்பரில்தான் இணைப்பு கிடைத்தது. அதுவரை காற்று வீசிக்கொண்டே இருந்தது, ஒரு வீட்டுக்கும் விளக்கெரியவில்லை. தாமதத்துக்கான இழப்பீடு அரசின் தலையில் விழுந்தது.

நிலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ஆடுமாடு மேய்ப்பவர்களின் பொது நிலம். காற்றாலைத் திட்டத்துக்கு அதைப் பட்டா போட்டுக் கொடுத்த முறை சட்டப்படி செல்லாது என்று மேரு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. கென்யாவிலேயே வேறொரு பகுதியான கினாங்கோப்பில் சுமார் 60 மெகாவாட் காற்றாலைத் திட்டம் ஒன்று, ஊர்க்காரர்களின் எதிர்ப்பால் 2016-இல் கைவிடப்பட்டது. அந்த மக்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

சரி, இணைப்பு கிடைத்த பிறகாவது நிம்மதியா? துர்கானாவில் காற்று இரவில்தான் பலம், மின்தேவையோ அப்போதுதான் குறைவு. நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்து, இரவும் பகலும் ஓடும் ஒல்காரியா புவிவெப்ப நிலையங்கள் வேறு இருக்கின்றன. ஏதாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும். ஆனால் துர்கானா மின்பாதை போய்ச் சேரும் அதே சுஸ்வா துணைமின் நிலையத்துக்கு, 2022-இல் எத்தியோப்பியாவிலிருந்தும் ஒரு மின்பாதை வந்துவிட்டது. எத்தியோப்பியாவில் நீர்மின்சாரம் ஏராளம். காற்று பலமாக வீசும் இரவில் அந்நாட்டு அணையில் தண்ணீரைத் தேக்கிவைத்து, காற்று தணியும் பகலில் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்படி இரு நாடுகளும் பேசிவைத்துக்கொண்டால், ஓடக்கூடிய காற்றாலையை நிறுத்திவைக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.