தனி வீடும் தனி வீட்டுச் சட்டமும்

வணக்கம்.

வளரும் நகரங்களில் ‘ஒரு காணிக்கு ஒரு வீடு மட்டும்’ என்ற விதியைத் தளர்த்துவது நல்லது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உறுத்துகிறது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளருக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எட்டுப் பேராகப் படுத்து வளர்ந்தவன். பக்கத்துக் காம்பராவில் யார் இருமினாலும் எங்களுக்குக் கேட்கும். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு வேண்டும் என்று நம் சனம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மலையகத்து எழுத்தாளர் ஒருவரே தனி வீட்டுக்கு எதிராக எழுதலாமா? கனடாவில், டொரன்டோ நகரத்தின் ஸ்காபரோ பகுதியில் என் மகளின் தெருவில், ஆறு வீட்டுக் கட்டடங்களை அனுமதிக்க வேண்டாம் என்று நகரசபை உறுப்பினருக்கு மனு சேர்க்கிறார்கள். கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்கிறாள். இங்கே ஹட்டனில் என் பக்கத்துக் காணிக்காரர் மூன்றாவது தட்டு எழுப்புகிறார். இரண்டுக்கும் உங்கள் பதில் என்ன?

ஒரு வாசகர், ஹட்டன்

வணக்கம் சேர்.

தனி வீட்டில் இருக்க ஆசைப்படுவது வேறு. இந்தத் தெருவில் தனி வீட்டைத் தவிர எதுவும் வரக்கூடாது என்று சட்டம் போட்டு வைப்பது வேறு. நான் எழுதியது இரண்டாவதைப் பற்றி. டொரன்டோவில் உங்கள் மகளின் வீட்டை இடிக்க யாரும் சொல்லவில்லை, மாடி எழுப்பவும் சொல்லவில்லை. விரும்பும்வரை அவர் அதில் தனியாகவே இருக்கலாம். பக்கத்துக் காணிக்காரர் இன்னும் சில குடும்பங்களுக்கு இடம் கொடுக்க நினைத்தால் அதைத் தடுக்கும் அதிகாரம்தான் பறிபோகிறது.

அந்த அதிகாரம் வந்த வழியைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் கோபம் வரவேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 1916இல் தனி வீடுகளுக்கு மட்டுமான வலயத்தை உருவாக்கியது. இந்தத் தெருவில் இன்ன இனத்தவர் குடியேறக்கூடாது என்று நகரங்கள் போட்டுவைத்த சட்டங்கள் செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1917இல் தீர்ப்பளித்தது. நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியாமல் போனபோது வீட்டின் வடிவத்தைச் சொல்லித் தடுப்பது பலருக்கு வசதியாகிவிட்டது. பெரிய காணி, ஒரே வீடு, வாடகைக் குடித்தனம் கிடையாது என்றால் காசில்லாதவன் தானாகவே வெளியே நிற்பான். 1926இல் ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊரைப் பற்றிய வழக்கில், இப்படி வலயம் பிரிப்பது செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லண்ட், தனி வீட்டுப் பகுதிக்குள் வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே வர்ணித்தார். உள்ளே குடியிருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கட்டடத்தைத் திட்டுகிற சாமர்த்தியம் அது. டவுனில் வாடகைக்கு வீடு கேட்டுப் போன நம் பிள்ளைகளிடம், தோட்டத்து ஆட்களுக்குக் கொடுப்பதில்லை என்று நேராகச் சொல்லாமல், “தண்ணி பத்தாது, குடும்பம் பெருசா இருக்கே” என்று இழுத்த வீட்டுக்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, டொரன்டோ. அங்கே குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் நீண்ட காலமாகப் பெரும்பாலும் தனி வீடுதான் கட்டலாம் என்றிருந்தது. 2023 மே மாதத்தில் நகரசபை ஒரு காணியில் நான்கு வீடுகள் வரை நகரம் முழுக்க அனுமதித்தது. 2025 ஜூனில் அதை ஆறாக்கும் பிரேரணை வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 25 வட்டாரங்களில் ஒன்பதுக்கு மட்டும் அனுமதி, மற்றவை விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம் என்று முடித்தார்கள். நடுநகரை ஒட்டிய எட்டு வட்டாரங்களோடு ஸ்காபரோ வடக்கும் அந்த ஒன்பதில் இருக்கிறது. மகளின் தெரு அதற்கு வெளியே இருக்க வேண்டும், அதனால்தான் இந்த மனு. நம் ஆட்கள் கனடாவில் இறங்கிய காலத்தில் எத்தனையோ பேருக்கு முதல் வீடு இன்னொருவரின் பேஸ்மென்ட்தான். ஏட்டில் விதி எதுவாக இருந்தாலும், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் இருந்து, சீட்டுக் கட்டி, பிறகுதான் சொந்த வீடு வாங்கினார்கள். பின்னால் வருகிறவனுக்கு அந்தக் கதவை அடைக்க நாமே கையெழுத்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விதியை மாற்றினால் மறுநாளே வாடகை இறங்கும் என்றும் சொல்லமாட்டேன். மினியாபொலிஸ் 2018 டிசம்பரில் எல்லாக் குடியிருப்புக் காணிகளிலும் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்று முடிவெடுத்தது. அந்த மூன்று வீட்டுக் கட்டடங்கள் பிறகு சொற்பமாகத்தான் எழுந்தன. புதிய வீடுகளில் பெரும்பாலானவை பஸ் ஓடும் பெரிய வீதிகளை ஒட்டிய அடுக்குமாடிகளில் வந்தவை. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் குடியிருப்பு நிலத்தில் முக்கால்வாசியில் கூடுதல் வீடுகளை அனுமதித்தது. அங்கே கட்டட அனுமதிகள் நன்றாகவே கூடின. கிள்ளிக் கொடுத்த இடத்தில் பலன் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி லயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இருமல்தான். காம்பராக்களுக்கு நடுவே சுவரைக் கூரைவரை எழுப்பாமல் விட்டது வீடுகளைச் சேர்த்துக் கட்டியதால் வந்த வினை இல்லை, தோட்டம் காசு மிச்சம் பிடித்ததால் வந்தது. காணி தோட்டத்துக்குச் சொந்தம், கூரையும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் காம்பராவும் போய்விடுமோ என்ற பயம் வேறு. பிரதேச சபைகூடத் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க முடியாதபடி 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடுத்தது. அதைத் திருத்த 2018 வரை ஆனது. இரண்டு தட்டு வீடுகள் தோட்டத்துக்கு வந்தபோது ‘மாடி லயம்’ என்று நம் ஆட்கள் ஒதுக்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை. மேல் வீடு யாருக்கு, கீழ் வீடு யாருக்கு, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்று கையில் ஒரு தாள் இல்லாமல் யார் ஏறுவார்? அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்குத் தனியாக உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுத இலங்கையில் 1973 முதல் சட்டம் இருக்கிறது. கொழும்பில் அது ஓடுகிறது, தோட்டத்துப் பக்கம் அது எட்டிப் பார்த்ததில்லை.

ஏழு பேர்ச் கோரிக்கையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். பத்துக் கேட்பவர்களையும் ஆதரிக்கிறேன். ஆனால் ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவித் திட்டத்தில் அதில் எழும் வீடு 550 சதுர அடி. இரண்டு பிள்ளைகள் கலியாணம் முடித்தால் என்ன ஆகும்? பக்கத்தில் தகரம் சாய்த்து ஓர் அறை, பின்னால் ஒரு குசினி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தனி வீடு மறுபடியும் லயமாகிவிடும், இந்த முறை நம் சொந்தச் செலவில். ஆகவே உறுதி கொடுக்கும்போதே, மேலே ஒரு தட்டு எழுப்பித் தனி வாசல் வைத்து இரண்டாவது வீடாகப் பதிந்துகொள்ளும் உரிமையும் அதில் இருக்க வேண்டும். அத்திவாரத்தையும் அதற்கேற்றபடி முதலிலேயே போட வேண்டும். வீட்டைத் திறந்து வைக்க வருகிற அமைச்சர்களிடம் இதை யாராவது கேட்க வேண்டும்.

டவுனில் நிலைமை இன்னும் இறுக்கம். ஹட்டனும் தலவாக்கலையும் நாலா பக்கமும் தேயிலைக்கு நடுவே கிடக்கின்றன. அகலப் போக இடமில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி சாதாரணமாக ஆறு பேர்ச்சுக்குக் குறைத்துக் காணி பிரிக்க முடியாது. வாத்தியார் வேலையோ வங்கி வேலையோ கிடைத்துத் தோட்டத்திலிருந்து இறங்கும் பிள்ளைக்கு ஆறு பேர்ச் வாங்கும் வசதி எங்கே? யாரோ ஒருவர் வீட்டு அனெக்ஸ்தான் கிடைக்கும். அந்த அனெக்ஸையும் வேண்டாம் என்றால் அவர் எங்கே போவார்?

நமக்கு இருக்கிற பெரிய கவலை டொரன்டோவில் இல்லாதது. அது மலை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலை முழுக்கச் சரிந்தது. லயம்தான் ஆபத்து, தனி வீட்டுக்குப் போனால் பயமில்லை என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. சரிவில் பத்துக் குடும்பத்துக்குப் பத்துத் தனி வீடு என்றால் மலையைப் பத்து இடத்தில் நட்டுக்குத்தாக வெட்டி மட்டம் பண்ணுகிறோம். பத்துக் கூரைத் தண்ணீரும் பத்து மலசலகூடக் குழிகளும் அதே மண்ணுக்குள் இறங்குகின்றன. உறுதியான ஓரிடம் பார்த்து நான்கு வீட்டைச் சேர்த்து இரண்டு தட்டாகக் கட்டினால் வெட்டும் குறையும், வாய்க்காலும் ஒழுங்காகப் போடலாம். மோசமான சரிவென்றால் தனி வீடும் கூடாது, மாடியும் கூடாது. மலையகத்தில் வலயம் பிரிப்பதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தை வைத்துப் பிரிக்கட்டும். எத்தனை குடும்பம் என்ற கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

இனி உங்கள் இரண்டு கேள்விகள். மகள் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. கார் நிறுத்துவது, மழைநீர், பழைய மரங்கள் என்று அந்தத் தெருவுக்கு நிஜமான கவலைகள் இருக்கும். அவற்றுக்கு என்ன ஏற்பாடு என்று அந்த உறுப்பினரிடம் தன் பெயரிலேயே எழுதிக் கேட்கட்டும்.

உங்கள் பக்கத்துக் காணிக்காரர் விஷயத்தில், மேல் தட்டுக்கு யார் குடிவருவார் என்பதை விட்டுவிடுங்கள். அனேகமாக உங்கள் பழைய மாணவர் யாராவதுதான் வருவார். நகரசபை அங்கீகரித்த வரைபடம் மூன்று தட்டுக்கானதா, மண்சரிவு அனுமதி எடுத்தாரா, உங்கள் எல்லையில் நிற்கும் அணைச்சுவரில் தண்ணீர் வடியக் குழாய் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒரு தட்டுக்குப் போட்ட அத்திவாரத்தில் மூன்றை ஏற்றுகிறார் என்று தெரிந்தால் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொங்கிறீட் போட்ட பிறகு இடிக்க யாரும் வரமாட்டார்கள், பலகை அடிக்கும்போதே போய்விடுங்கள்.