தலைமடை – கடிதமும் பதிலும்

அண்ணை, வணக்கம்.

நான் கிளிநொச்சியில் படிப்பிக்கிறேன். வீட்டுவேலை செய்யாமல் வரும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் அறையில் குறைப்பட்டேன். "உங்களுக்குப் பிரிவிலேஜ் இருக்கு டீச்சர், அதாலதான் இப்பிடிக் கதைக்கிறீங்கள்" என்றார் கூடப் படிப்பிக்கும் ஒருவர். அவருடைய குடும்பம் 77 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்தது. அகராதியில் சலுகை, சிறப்புரிமை என்று கிடக்கிறது. முள்ளிவாய்க்காலில் அப்பாவை இழந்து, 2010இல் அம்மப்பாவின் பெர்மிட் காணியில், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த காணியில், கொட்டில் போட்டு இருந்தவள் நான். எனக்கு யார் என்ன சலுகை தந்தது?

அன்புத் தங்கச்சி,

உங்கள் கடைசிக் கேள்வியை வாசித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. நீங்கள் இழந்ததை எந்தச் சொல்லாலும் குறைக்க முடியாது.

அகராதிச் சொற்கள் இரண்டும் இங்கே பொருந்தவில்லை. சலுகை என்றால் கொடுக்க ஒருவர் வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கும் 5 வீதம் சலுகை. கிளிநொச்சிக்கும் அது உண்டு. சிறப்புரிமை எம்பிமாருக்குரியது, அதற்கு 1953ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கும் 'தனியொருவருக்கான சட்டம்' என்றுதான் பொருள். உங்கள் நண்பர் சொன்னது எழுதாத சட்டத்தை. 1980களின் கடைசியில் பெக்கி மக்கின்டொஷ் என்ற அமெரிக்கப் பெண்மணி, வெள்ளைத்தோலால் தனக்குக் கேளாமலே கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தார். கடைக்குப் போனால் தன்னை யாரும் சந்தேகத்தோடு பின்தொடர்வதில்லை என்பது அதில் ஒன்று. அதற்குப் பிறகுதான் சொல் இந்தப் பொருளில் பரவியது. ஆளை வாயடைக்கவும் அதைப் பாவிக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்காது.

நான் இதைத் தலைமடை என்பேன். இரணைமடுக் குளத்து வாய்க்காலில் தலைமடைக்காரர் யாருடைய தண்ணியையும் களவெடுக்கவில்லை. அவரும் வெயிலில்தான் நிற்கிறார், செல் அவர் வளவிலும் விழுந்தது. ஆனால் சிறுபோகத்தில் தண்ணி அவர் வயலைக் கடந்துதான் கீழே போகும். நடுச்சாமத்தில் டோர்ச்சோடு வரம்பில் குந்தியிருந்து, தண்ணி வருகிறதா என்று வாய்க்காலுக்குள் கைவிட்டுப் பார்ப்பவர் கடைமடைக்காரர். என் ஐயா அப்படிக் குந்தியிருந்தவர். டோர்ச் பிடித்தவன் நான். சேறு கையில் காய்ந்து வெடிக்கும், தண்ணி வராது. தலைமடைக்காரருக்கு அந்த இரவு தெரியாது.

பெர்மிட் காணியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மலையகத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் அதே பங்கருக்குள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர்களிடம் காட்டக் காணி உறுதியும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. வீட்டுத்திட்டத்துக்கோ காணிப் பத்திரம் கேட்டார்கள். அப்பாவை இழந்த வீடுகள் அங்கேயும் இருக்கின்றன.

நண்பரிடம் கோபிக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் இரவில் எங்கே இருந்து, எதில் வைத்து எழுதுகிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.