வார்டன் வீட்டுப் பங்காளிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் எல்லை மாவட்டமாக இருந்த ராக்ஸ்பரோஷயர் வரலாற்றைப் படித்துவருகிறேன். கெர், ஸ்காட் குடும்பத்தார் இங்கிலாந்துக்குள் புகுந்து மாடு ஓட்டிவந்தவர்கள். எல்லைக்காவல் பதவியும் அவர்களுக்கே. அரசர் தெரிந்தேதான் கொடுத்தாரா? கெர்கள் இடதுகைக்காரர்கள், அதனால் கோட்டைப் படிகளை இடஞ்சுழியாகக் கட்டினார்கள் என்பது உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தெரிந்தேதான். 16ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து அரசருக்கு நிலைப்படை கிடையாது. குதிரையும் ஈட்டியுமாக ஆள் திரட்டித் தர செஸ்ஃபோர்டு கிளைக் கெர்களைப் போன்றவர்களால்தான் முடியும். வெளியாளை வார்டன், அதாவது எல்லைக்காவல் அதிகாரி, ஆக்கினால் அவர் சொல்லை ஒரு நாய்கூட மதிக்காது.

எல்லையின் இருபுறமும் மும்மூன்று மண்டலங்கள். ராக்ஸ்பரோஷயரின் பெரும்பகுதி ஸ்காட்லாந்தின் நடு மண்டலம். அதன் லிடெஸ்டேல் பள்ளத்தாக்குக்கு மட்டும் ஹெர்மிடேஜ் கோட்டையில் தனிக் காவலர். இருநாட்டு வார்டன்களும் நாள் குறித்து எல்லையில் கூடுவார்கள். மாட்டைப் பறிகொடுத்தவர் எழுதிக்கொடுத்த புகாருக்கு எதிர்த்தரப்பு வார்டன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். குற்றம் உறுதியானால் மதிப்பைப் போல மூன்று மடங்கு கட்டவேண்டும். களவு நடந்த ஆறு நாளுக்குள் என்றால் எல்லை தாண்டியே துரத்தலாம். ஆனால் ஈட்டி முனையில் எரியும் புல்கட்டி, வேட்டைநாய், ஊதுகொம்பு எல்லாம் வேண்டும். ஓசைப்படாமல் போனால் அதுவும் கொள்ளைதான்!

கோளாறு எங்கே என்றால், நிறுத்தவேண்டிய ஆள் வார்டனின் பங்காளியாக இருப்பான். பங்காளி தப்புவான், பகையாளி மாட்டுவான். 1575இல் ரெட்ஸ்வையர் என்ற இடத்தில் இருதரப்பும் கூடியபோது ஓர் ஆளை ஒப்படைக்காத தகராறு கைகலப்பாகி, ஆங்கில வார்டன் ஜான் ஃபார்ஸ்டரே சிறைப்பட்டார்.

உள்ளூர்ப் பகை இதைவிட மோசம். 1526இல் மெல்ரோஸ் அருகே ஸ்காட்களோடு நடந்த சண்டையில் செஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ கெர் செத்தார். சமரசம் பேசி, இருதரப்பும் புனித யாத்திரை போவதாக ஒப்பந்தமெல்லாம் எழுதினார்கள். ஆனாலும் 1552இல் ஸ்காட் குடும்பத் தலைவரான பக்ளூவின் வால்டர் ஸ்காட்டை எடின்பரோ பெருவீதியிலேயே கெர்கள் வெட்டிக் கொன்றார்கள்.

அரசும் இதற்கேற்பவே சட்டம் போட்டது. 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் உடையவர் 60 அடிச் சதுரத்தில், ஒரு எல் (சுமார் 94 செ.மீ.) கனமும் ஆறு எல் உயரமுமாகக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து மதில் எழுப்பவேண்டும் என்கிறது 1535ஆம் ஆண்டுச் சட்டம். குடியானவர்களும் அவர்கள் மாடுகளும் ஒதுங்குவதற்கு. தலைவருக்குக் கோபுரம் வேண்டுமென்றால் அவர் விருப்பம்.

1603இல் இரு முடிகளும் ஒருவர் தலைக்கு வந்ததும் வார்டன் பதவி தேவையற்றுப்போனது. கெர்களுக்கு அதனால் நட்டமில்லை. தானே கொள்ளைக்குப் போய்வந்த ராபர்ட் கெர் 1616இல் ராக்ஸ்பரோ ஏர்ல் ஆனார். 1707இல் அந்த வம்சம் டியூக் பட்டமும் பெற்றது.

படிக்கட்டு விஷயம்: கெர்களின் ஃபெர்னிஹர்ஸ்ட் கோட்டையில் இடஞ்சுழிப் படி இருக்கிறது. வேறு பல கோட்டைகளிலும் இருக்கிறது. இடதுகைக் கதையை நான் நம்பவில்லை.