வயல் நடுவே ஒரு வழி – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரில், லட்லோ ஊருக்குப் பக்கத்தில் இரண்டு வருடமாக இருக்கிறேன். அம்மா போன பிறகு அப்பாவை ஆறு மாதத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்கிறேன். அவருக்கு வயது 71. பக்கத்து வீட்டு அம்மா சொல்லி, வாரம் ஒருநாள் ஊரைச் சுற்றி நடக்கிற ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார். சுலபமான நடை என்று போடுகிறார்கள். போன வாரம் நானும் போனேன். 3 மைல் நடக்க இரண்டரை மணி நேரம்! ஒவ்வொரு கேட்டிலும் நின்று பேச்சு. எல்லோரும் ரிட்டயர் ஆனவர்கள். போதாததற்கு யாரோ ஒருவருடைய வயலின் நடுவே வரிசையாகப் போகிறார்கள். சொந்தக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு உடம்பே கூசியது. டிரெட்மில்லில் அரை மணி நேரம் நடந்தால் இதைவிடப் பலன் இருக்கும். அப்பாவை ஜிம்மில் சேர்த்துவிடலாமா? இல்லை, இதற்கே போவார் என்றால் முட்டி வலிக்கு எந்த மாதிரி ஷூ வாங்குவது? நீங்கள் அந்த ஊரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜையில் லட்லோவின் வரைபடம்தான் விரிந்து கிடந்தது. பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே போட்ட, ஆரஞ்சு அட்டை வரைபடம், மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டியது. அங்கே நான் இருந்த நான்கு வருடமும் எங்கள் குழுவை முன்னால் நடத்திச் சென்ற பெண்மணி அனுப்பியிருக்கிறார். அவருக்கு இப்போது நடக்க முடியவில்லை. பச்சை நிறத்தில் கோடு கோடாக ஓடும் பாதைகளின் ஓரத்தில் அவர் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்: 'படி ஆடுகிறது', 'மழைக்குப் பின் சேறு', 'இங்கே உட்காரலாம்'. இரண்டு வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜிம் பேச்சை விடுங்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

'எல்லோரும் ரிட்டயர் ஆனவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் அப்பா யார்? நீங்கள் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவீர்கள். அதுவரை மனைவியை இழந்த ஒரு மனிதர் ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுக் காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு வாரத்தில் ஒருநாள் பத்துப் பதினைந்து பேர் கிடைத்திருக்கிறார்கள். நீங்கள் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்திருக்கிறீர்கள்.

அந்தக் கேட்டுகளைச் சரியாகப் பார்த்தீர்களா? ஆடுமாடு வெளியே போகாதபடி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழைகிற மாதிரி செய்திருப்பார்கள். அதனால் முன்னால் போனவர் பின்னால் வருபவருக்காக நிற்க வேண்டும். பேச்சு அங்கேதான் பிறக்கிறது. அரைகுறை ஆங்கிலம் போதும், இருவரும் ஒரே வயலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வாக்கியம் முழுதாக இருக்க வேண்டியதில்லை. வரிசையின் கடைசியில் ஒருவர் வந்திருப்பார், கவனித்தீர்களா? கடைசி ஆள் என்பது அங்கே ஒரு பொறுப்பு. எவ்வளவு மெதுவாக நடப்பவரும் அவருக்கு முன்னால்தான் இருப்பார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்க முடியாது. என் முதல் ஆறு மாதம் எனக்குப் பின்னால் அப்படி ஒருவர் நடந்தார். ஒருநாள்கூட அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. 1995இல் சானிங் காமன் என்ற கிராமத்தில் வில்லியம் பேர்ட் என்ற மருத்துவர் தன் நோயாளிகளுக்காக இப்படிக் குழுவாக நடப்பதைத் தொடங்கி வைத்தார். உடம்புக்கு நல்லதா என்ற உங்கள் சந்தேகத்துக்கு இது போதும்.

நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். டினம் பாலத்தைத் தாண்டினால் விட்கிளிஃப் மேடு. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கீழே டீம் ஆறு, எதிரே கோட்டை, அதன் பின்னால் சர்ச் கோபுரம். எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502இல் செத்துப்போனது அந்தக் கோட்டையில்தான். ஆற்றை ஒட்டி மேட்டின் சரிவில் போகிற பாதைக்கு பிரெட்வாக் என்று பெயர். அதை வெட்டிய தொழிலாளிகள் காசைக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று கூலியை ரொட்டியாகக் கொடுத்தார்கள் என்பார்கள். அப்புறம் லட்ஃபர்டு பாலத்தை ஒட்டி ஒரு மூலையில், சாலையோரப் பாறையில், விரல் அகலம்கூட இல்லாத ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. அது முழுக்க 42 கோடி வருடங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த மீன்களின் செதில், முள், எலும்புத் துணுக்கு. பூமியின் வரலாற்றில் ஒரு காலகட்டத்துக்கே இந்தச் சின்னச் சந்தை ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். வேகமாகப் போனால் அது வெறும் கல்.

இனி, 'உடம்பே கூசியது' என்றீர்களே, அதற்கு வருகிறேன். அதை என்னால் அப்படியே விட முடியாது, ஏனென்றால் எனக்கும் கூசியது.

நான் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். நடக்கத் தெரிந்ததுமே வீட்டில் சொல்லித்தந்தது, வரப்பில் போ, பயிரில் கால் வைக்காதே என்பதுதான். லட்லோவில் ஒரு மே மாதம், முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த கோதுமை வயல். வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படியில் ஏறி நின்று பார்த்தால் எதிரே பாதையே இல்லை. வேலிக்கு வேலி விதைத்துவிட்டார்கள். நான் படியை விட்டு இறங்கவில்லை. ஓரமாகச் சுற்றிப் போவோம் என்றேன். அந்தப் பெண்மணி வரைபடத்தை விரித்து, எதிர் வேலியில் நின்ற ஓக் மரத்தைக் காட்டினார். "ஓரமாகப் போனால்தான் நாம் அடுத்தவர் நிலத்தில் நுழைந்தவர்கள். இந்தக் கோட்டின் மேல் போகும்வரை நாம் பொது வழியில் போகிறோம். மரத்தைப் பார்த்துக்கொண்டே நடங்கள், ஒருவர் பின் ஒருவராக." நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு பாவமாக இருந்தது.

பாதி வயலில் டிராக்டர் வந்து நின்றது. அந்த விவசாயி இறங்கி எங்களை நோக்கி வந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண்மணி காலை வணக்கம் சொன்னார். அவர் எங்கள் வரிசையைப் பார்த்தார், ஓக் மரத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அடுத்த வாரம் களைக்கொல்லி மருந்தடித்து வழி விட்டுவிடுகிறேன்" என்றார். அப்படியே விட்டார். அதற்கடுத்த வாரம் போனபோது பச்சைக்கு நடுவே நேர்கோடாக ஒரு மண்பாதை, ஓக் மரம் வரைக்கும்.

அவர் பெருந்தன்மையால் விட்டுக்கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர்தான், ஆனால் அது அவர் விடும் தயவு இல்லை. நிலம் அவருடையது, வழி எல்லோருடையது. வயலின் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையை உழலாம், ஆனால் விதைப்புக்காக உழுதால் 14 நாளுக்குள் பழையபடி நடக்கத் தகுந்ததாகச் செய்து தர வேண்டும், குறைந்தது 1 மீட்டர் அகலம் விட வேண்டும் என்பது 1990ஆம் வருடச் சட்டம். வயலோரம் போகும் பாதை என்றால் 1.5 மீட்டர், அதை உழவே கூடாது. மக்கள் 20 வருடம் ஒளிவு மறைவில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தடையில்லாமல் நடந்த தடத்தை, நிலக்காரர் மறுத்து நிரூபிக்காத வரை, பொது வழி என்றே அங்கே சட்டம் எடுத்துக்கொள்கிறது. யோசித்துப் பாருங்கள் தம்பி, நடப்பதாலேயே ஓர் உரிமை உண்டாகிறது!

1932 ஏப்ரலில், நடக்கும் உரிமை கேட்டு, டெர்பிஷயரில் உள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டில் கூட்டமாக அத்துமீறி ஏறியதற்குப் பிறகு ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்களே, பென்னி ராத்மனும் மற்றவர்களும், அந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பெரிய கதைதான். ஆனால் அது பணக்காரர்கள் பறவை சுடுவதற்காக அடைத்து வைத்திருந்த மேட்டுநிலம். வயல் வழிகளின் கதையில் இத்தனை சத்தம் கிடையாது. 1949 சட்டம் கவுண்டி நிர்வாகங்களிடம் பொது வழிகளையெல்லாம் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. ஏற்றிவிட்டால் சட்டப்படி வழி சாவதில்லை. ஆனால் ஆள் நடக்காத வழியில் முள் மண்டும், படி உளுத்துப்போகும், அம்புக்குறி போட்ட கம்பம் சாயும், ஒரு தலைமுறை போனால் அங்கே வழி இருந்தது வரைபடத்துக்கு மட்டும்தான் தெரியும். அதைத் திறந்து வைத்திருப்பது வாரத்துக்கு ஒருமுறை வருகிற, 3 மைலுக்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற, நீங்கள் அலட்சியமாகச் சொன்ன அந்த ரிட்டயர் ஆனவர்களின் கால்கள். அதில் இரண்டு கால் உங்கள் அப்பாவுடையது. அவர் பெருமைப்பட வேண்டிய இடத்தில் நீங்கள் கூசுகிறீர்கள், எனக்குக் கோபம் வராதா?

சரி, ஷூ. அடியில் நன்றாகப் பிடிப்புள்ளதாக, நீர் புகாததாக, கட்டைவிரல் முன்னால் இடிக்காததாக வாங்குங்கள். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு கடையில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். முட்டிக்கு ஷூவைவிடக் கைத்தடி முக்கியம், மரப்படியிலிருந்து இறங்கும்போது தெரியும்.

அடுத்த கடிதம் நீங்கள் எழுத வேண்டாம், அப்பாவை எழுதச் சொல்லுங்கள். ஓக் மரம் நிற்கிற அந்த வயல் வழியாக அவர்கள் போகிறார்களா, இந்த வருடம் பாதை விட்டிருக்கிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்த வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சில் குறிப்பு எதுவும் இல்லை.