தூங்கும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் பிறந்து 25 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். பிறந்தபோது 2.9 கிலோ, போன வாரம் பார்த்தபோது 3.2 கிலோ. இரவு எட்டரை மணிக்குக் குடித்துவிட்டுத் தூங்குகிறான். நான் மிச்ச வேலைகளை முடித்துப் பதினொரு மணிக்குக் கண்ணயரும்போது சரியாக எழுந்து அழுகிறான். பத்தரை மணிக்கே எழுப்பாமல் பால் கொடுத்துவிட்டால் நான் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் தூங்கலாம் என்கிறார் கணவர். தூங்குகிற பிள்ளைக்குப் பால் கொடுத்தால் புரையேறிவிடும் என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம், அதில் விஷயம் இருக்கிறது. ஆழ்ந்து தூங்கும் குழந்தை சப்பாது. அதன் வாயில் பாலை விட்டால் விழுங்காமல் தேங்கும், புரையேறவும் செய்யும். ஆனால் பச்சிளம் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி நேரம் ஆழ்ந்த தூக்கமே அல்ல, அரைத்தூக்கம்தான். அந்த நேரத்தில் வாயில் காம்பு பட்டால் சப்பவும் விழுங்கவும் இடையில் மூச்சு விடவும் அதற்குத் தெரியும். இந்த இரண்டு வகைத் தூக்கமும் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் மாறி மாறி வந்துவிடும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பையனைப் பாருங்கள்.

அவன் கையை மெதுவாக உயர்த்தி விடுங்கள். துவண்ட துணி மாதிரி விழுந்து, முகம் அசையாமல், மூச்சு ஒரே சீராக இருந்தால் ஆழ்ந்த தூக்கம். விட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்து வாருங்கள். மூடிய இமைக்குள் கருவிழி ஓடுகிறது, ஒன்றுமில்லாமலே உதடு சப்புக் கொட்டுகிறது, திடீரென்று முகம் சுளிக்கிறான், சிரிக்கிறான், மூச்சு கொஞ்சம் ஏறி இறங்குகிறது என்றால் அதுதான் உங்கள் நேரம்.

விளக்கு மங்கலாக இருக்கட்டும், ஆனால் அவன் வாயும் முகத்தின் நிறமும் தெரிய வேண்டும். முழு இருட்டு வேண்டாம். மலம் கழித்திருந்தால் மட்டும் டயப்பரை மாற்றுங்கள், அதையும் பால் கொடுப்பதற்கு முன்பே. இறுக்கிச் சுற்றியிருந்தால் துணியைத் தளர்த்துங்கள். தலை வயிற்றைவிட உயரமாக இருக்கும்படி ஏந்திக்கொண்டு, காம்பால் மேலுதட்டைத் தொடுங்கள், அல்லது கன்னத்தை வருடுங்கள். வாயைத் திறந்து தேடினால் கொடுங்கள். இரண்டு மூன்று முறை தொட்டும் திறக்கவில்லையா, சரி, படுக்க வைத்துவிடுங்கள். தாடையை அழுத்தித் திறப்பது, வாய்க்குள் பாலைப் பீய்ச்சுவது இரண்டும் கூடாது. குடிக்கும்போது விழுங்கும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். வாயோரம் பால் வழிந்தாலோ இருமினாலோ அத்தோடு நிறுத்தி நிமிர்த்திப் பிடியுங்கள். பாட்டிலில் கொடுப்பவர்களுக்கும் இதே விதிதான். பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு நகர்வது மட்டும் எந்த வேளையிலும் கூடாது.

குடித்து முடித்ததும் தோளில் சாய்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். ஏப்பம் வராவிட்டால் வராமலே போகட்டும், அதற்காக முதுகைத் தட்டித் தட்டி எழுப்பிவிடாதீர்கள். அப்புறம் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பால் கக்கினால் மூச்சுக்குழாய்க்குப் போகுமே என்று பலர் ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள். உண்மையில் மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன, கக்கிய பால் மேலேறிப் போவதுதான் கடினம். படுக்கை மெத்தென்று அமுங்காமல் இருக்க வேண்டும், தலையணை வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் நான் அதிகம் பயப்படுவது பையன் தூங்குவதைப் பற்றி அல்ல, நீங்கள் தூங்கிவிடுவதைப் பற்றி. சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையை ஏந்தியபடி கண் அசந்துவிட்டால், அது இடுக்கில் நழுவி முகம் புதைந்து மூச்சடைக்கலாம். கண் சொக்குகிறது என்று தெரிந்தால் சோபாவைவிடக் கட்டில் மேல். தலையணையையும் கனத்த போர்வையையும் முன்னதாகவே அகற்றிவிட்டுக் கொடுங்கள். இடையில் தூங்கிவிட்டால், விழிப்பு வந்தவுடன் அவனை அவன் படுக்கைக்கு மாற்றுங்கள்.

பத்தரை மணிப் பாலால் விடியும்வரை தூங்குவான் என்று எண்ண வேண்டாம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு, இரவில் இரண்டு மூன்று முறை எழத்தான் செய்வான். ஒரு வாரம் செய்து பாருங்கள். பலன் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், சில குழந்தைகள் இதற்கு ஒத்துவருவதே இல்லை.

உங்கள் மகன் பிறந்த எடையைத் தாண்டி நன்றாக ஏறியிருப்பதால்தான் இதெல்லாம் சொல்கிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, பிறந்த எடையை இன்னும் எட்டாத குழந்தை என்றால் அரைத்தூக்கப் பால் போதாது, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நன்றாக எழுப்பியே கொடுக்க வேண்டும். எழுப்பினாலும் கண் திறக்காத அளவுக்குச் சோர்வு, தொடர்ந்து இரண்டு வேளை பால் மறுப்பது, ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர், உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. எட்டரைக்கு அவன் தூங்குகிறான், நீங்களோ பதினொன்று வரை வேலை பார்க்கிறீர்கள். நீங்கள் தேடும் தூக்கம் அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. எட்டரைக்கே படுத்துவிடுங்கள். மிச்ச வேலைகளை யோசனை சொன்னவர் பார்க்கட்டும். பத்தரைக்கு அவரே பையனைத் தூக்கி வந்து உங்களிடம் தரட்டும், குடித்து முடித்ததும் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பதினைந்து நிமிடமும் அவரே நிற்கட்டும்.